வாங்கின கொடுவா

யசிந்தன் அண்ணைக்கு மீன் வெட்டுவது வேலை. மீன் பிடிப்பது விருப்பம். இரண்டும் வேறு வேறு என்று, அவருடைய மனைவி றெபேக்கா அக்கா நாலாம் முறை பிள்ளைத்தாச்சியாகும் வரைக்கும் அவர் யோசித்ததில்லை.

இத்தாலியில், பலெர்மோ நகரத்து ஓரமாக உள்ள ஸ்ஃபெர்ராகவால்லோவில், சிறு படகுகள் கட்டிக் கிடக்கும் துறைக்கு எதிரே உள்ள ஒரு மீன் உணவகத்தில் அவர் பல வருடமாக வேலை செய்கிறார். பின்கதவுக்கு வெளியே ஒரு கல் தொட்டி, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பலகை. அதுதான் அவருடைய இடம். காலையில் ஐஸ் பெட்டிகளில் வரும் மீனைச் செதில் சுரண்டி, வயிறு கீறி, குடலும் செவுள் பூவும் எடுத்துக் கழுவி உள்ளே அனுப்புவார். மதியத்துக்குப் பிறகு கோப்பை கழுவுவார். முதலாளி அவரை ஜாச்சிந்தோ என்று கூப்பிடுவார்.

மன்னாரில் பேசாலைக்காரர். கூடப்பிறந்த அக்காவின் புருஷன் பலெர்மோவில் இருந்தபடியால் இங்கே வந்தவர். முதல் சில வருடம், பார்வை மங்கிய ஒரு கிழட்டு வழக்கறிஞரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு திரிந்தார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அந்த வேலையால்தான் கிடைத்தது. வங்காலையைச் சேர்ந்த றெபேக்கா அக்காவைத் தமிழ்ப் பூசையில் கண்டு, அதே கோயிலில் கலியாணம் செய்தார். இரண்டு பேரும் கபோ சந்தைக்கு மேலே, ஒரு அறையும் குசினியுமாக உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். அக்கா ஒரு இத்தாலியச் சின்யோராவின் வீட்டில் வேலை. துடைப்பது, சமைப்பது, நாயை வெளியில் கொண்டு போவது.

எனக்கு அவர்களைத் தெரிய வந்தது ஆஸ்பத்திரியில். எங்கள் பெண்கள் டொக்டரிடம் போகும்போது கூடப் போய், அங்கே சொல்வதைத் தமிழிலும் இவர்கள் சொல்வதை இத்தாலியனிலும் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. அக்காவின் மூன்றாவது கரு கலைந்தபோது போனேன். நாலாவதுக்குத் தொடக்கத்திலிருந்தே போனேன்.

உணவகம் செவ்வாய்க்கிழமை பூட்டு. அன்றைக்கு அண்ணை தடியையும் பையையும் எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் அதே பஸ்ஸில் ஏறி, வேலை செய்யும் அதே கடற்கரைக்குப் போவார். கூட்டுக்குக் கோபாலசிங்கம். காரைநகர்க்காரர், அண்ணையைவிட மூத்தவர், மூன்று மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுக் கழுவுகிறவர். சைவக்காரர் செவ்வாய்க்கிழமை மீன் சாப்பிட மாட்டார்கள். அதைச் சொல்லி அண்ணை பகிடி பண்ணினால் கோபாலசிங்கம் சொல்லுவார்: "பிடிக்கிறது செவ்வாய், தின்னுறது புதன். முருகன் கேட்டா, நேற்றைய மீன் எண்டு சொல்லலாம்தானே."

அவர்கள் தேடிப் போவது ஸ்பிகோலா. எங்கள் ஆட்கள் அதைக் கொடுவா என்றுதான் சொல்வார்கள். ஊர்க் கொடுவா வேறு இனமாம். ஆனால் அதே பெரிய வாய், அதே வெள்ளிச் செதில், அதே வெள்ளைத் தசை. கோடையில் அது ஆழத்தில் நிற்கும். மாசி, பங்குனியில் மாயெஸ்த்ராலே என்கிற வடமேல் காற்று அடித்துக் கடல் கலங்கும்போது, முட்டை போட வந்த மீன் கரைக்குக் கிட்ட, கற்களுக்கு மேலே நுரை பொங்கும் இடத்துக்கே வந்துவிடும். அந்த நாளில் அதற்குப் பயமும் குறைவு. பசியோ கோபமோ, முன்னால் எது போனாலும் பாய்ந்து கவ்வும். அண்ணை ஒரு வருடம் முழுக்கக் காத்திருப்பது அந்தச் சில செவ்வாய்க்கிழமைகளுக்குத்தான்.

நாலாவது பிள்ளை தங்கிய செய்தி வந்தபோது றெபேக்கா அக்கா ஒரு கட்டளை போட்டார். மனைவி வயிற்றில் சுமக்கும்போது புருஷன் ஓர் உயிரைக் கொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட விசயம். ஆனால் கடற்கரைச் சனம் அதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பார்த்தால் அடுப்பு எரியாது. அண்ணையும் அதைத்தான் சொன்னார்.

"பேசாலையில ஆர் பிள்ளை பெறாமல் இருந்தது? எல்லாரும் கடலுக்குப் போய்க்கொண்டுதானே பெத்தவை."

"அது வலை," என்றார் அக்கா. "வலையில விழுறது அதுகளின்ரை விதி. நீங்கள் ஒவ்வொண்டா, ஆளைப் பாத்துத் தூண்டில் போடுறீங்கள். அதுவும் சினை மீனுக்கு. இஞ்சை ஒருத்தி வயித்தில பிள்ளையோட படுத்திருக்க, நீங்கள் அங்கை வயித்தில பிள்ளையோட வாறதைப் பிடிக்கிறீங்கள்."

"அப்ப றெஸ்ரோறன்ரில நான் வெட்டுறது?"

"அது செத்த மீன். கொன்டவனோட அந்தப் பழி போயிட்டுது. கடையில வாங்கிறதுக்கும் பழி இல்லை."

"நல்ல சட்டம். ஆர் எழுதினது?"

"மூண்டு பிள்ளையைக் குடுத்தவள் எழுதினது."

அதற்குப் பிறகு அண்ணை தடிகளைச் சேர்த்துக் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டார். மார்கழியில், தையில், காற்று எழும்பும்போதெல்லாம் கோபாலசிங்கம் கல்லில் நின்றபடி போன் எடுத்து, அலைச் சத்தத்தைக் கேட்கவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவார். அண்ணை சிரித்துக்கொண்டு அக்காவிடம், "உவர் என்னைச் சோதிக்கிற பிசாசு" என்பார். ஆனால் போகவில்லை.

டொக்டர் அக்காவின் கர்ப்பப்பை வாயில் ஒரு தையல் போட்டார். முன்னைய பிள்ளைகள் போனதற்கு அந்த வாய் நேரத்துக்கு முந்தித் தளர்ந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்றார். வேலைக்குப் போக வேண்டாம், படி ஏறி இறங்க வேண்டாம் என்றார். அக்கா கட்டிலிலே கிடந்தார். ஐந்தாம் மாதத்திலும் குமட்டலும் சத்தியும் நிற்கவில்லை. சோறு மணந்தால் சத்தி, பால் மணந்தால் சத்தி. நிறை கூடவில்லை என்று டொக்டர் ஒவ்வொரு தடவையும் என்னிடம் சொல்ல, நான் அதை மெதுவாகத் தமிழில் சொல்லுவேன். அண்ணை ஏதோ தான் சாப்பிடாமல் விட்டவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

மாசி முடிகிற நேரம் ஒரு நாள் அக்கா அவரைக் கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ. எனக்குக் கொடுவா தின்ன வேணும் போல கிடக்கு."

அண்ணைக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. "இப்பவே கீழ போய் வாங்கியாறன்."

"கடை மீன் வேண்டாம். உது மருந்து மணம் மணக்குது. நீங்கள் கல்லில நிண்டு பிடிச்சுக்கொண்டு வாறதுதான் வேணும். சினையைப் பொரிச்சு, தலையைச் சொதி வைச்சு."

"பிடிக்கக்கூடாது எண்டது நீதானே?"

"கேட்டதைக் குடுக்காட்டிப் பிள்ளைக்குக் காதில சீழ் வடியும்."

"பிடிச்சா ஒரு வருத்தம், பிடிக்காட்டி ஒரு வருத்தம். நான் என்னப்பா செய்ய?"

அக்கா சிரித்தார், பிறகு அழுதார். "ஒண்டே ஒண்டு. நான் மாதாவிட்டைச் சொல்லிப்போட்டன். அவ ஓம் எண்டிட்டா."

அடுத்த செவ்வாய்க்கிழமை அலுமாரிக்கு மேலிருந்து தடி இறங்கியது. கல்லில் அண்ணையைக் கண்டதும் கோபாலசிங்கம் கையைத் தட்டினார். "வாங்கோ வாங்கோ, சாமியார் மடத்தால ஓடி வந்திட்டாரோ?" விசயத்தைச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது. "பிள்ளைத்தாச்சியின்ரை ஓடர் எண்டா அதை ஆரும் மறிக்கேலாது. எறி தம்பி."

அன்றைக்குக் காற்று நன்றாக அடித்தது. அண்ணை எறிந்து கொஞ்ச நேரத்துக்குள்ளேயே இழுத்தது. தங்கூசி நூல் அறுந்துவிடும் என்று பயந்து, விட்டுப் பிடித்து, கற்களுக்கு நடுவே உள்ள குழிக்குள் கொண்டு வந்தார். அவர் இந்த ஊரில் பிடித்ததிலேயே பெரிய கொடுவா. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி இருந்தது. அடியில் கை கொடுத்துத் தூக்கியபோது அவருடைய உள்ளங்கையில் முட்டை கசிந்தது. ரவை மாதிரி, வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி.

கோபாலசிங்கம் சத்தம் போட்டுக்கொண்டு பை எடுக்க ஓடினார். திரும்பி வந்தபோது அண்ணை முழங்கால் தண்ணீரில் குனிந்து, மீனைப் பிடித்தபடி நின்றார். அதன் பூ திரும்பவும் அடிக்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டார்.

"விசரே உனக்கு?"

"ஏலாது அண்ணை."

"வீட்டை என்னத்தைக் கொண்டு போப்போறாய்? என்ரை தலையையோ?"

"பல்லாரோவுக்குப் போவம்."

கபோவில் வாங்க ஏலாது. அங்கே மீன்காரன் மேலே அக்காவின் யன்னலைப் பார்த்துச் சத்தமாக விலை சொல்லுவான். பல்லாரோ சந்தையில் அவரை ஆருக்கும் தெரியாது. ஒரு மீன்காரனின் பலகையில், சினையோடு, நல்ல நிறையான ஒரு ஸ்பிகோலா இருந்தது. கண்ணையும் பூவையும் பார்த்து வாங்கினார். சந்தை முடியும் இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அதில் மீனைக் கழுவி, கடையின் ஐஸ் மணம் போக, கல்லிலிருந்து பையில் ஒட்டிக்கொண்டு வந்த பாசியை அதன் மேலே தேய்த்தார். பிறகு தன்னுடைய தூண்டிலை எடுத்து, செத்த மீனின் மேல் சொண்டில் குத்தி இழுத்தார். கோபாலசிங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாராம். "களவெடுத்தவன்கூட இவ்வளவு வடிவாச் செய்யமாட்டான்" என்று மட்டும் சொன்னாராம்.

அக்கா கட்டிலில் எழும்பி இருந்து மீனைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். பேப்பருக்கு மேலே வைத்தார்கள். சொண்டில் உள்ள ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அண்ணையின் சட்டையை மணந்து பார்த்தார். அது நிஜமாகவே கடல் தண்ணீரில் நனைந்திருந்தது. "பெரிய சண்டை போட்டிருக்கு போல" என்றார். அன்றைக்கு அண்ணை சமைத்தார். அக்கா சினைப் பொரியலைச் சாப்பிட்டார், தலைச் சொதியைச் சோற்றோடு குழைத்துச் சாப்பிட்டார், கோப்பையை வழித்தார். சத்தி வரவில்லை. அன்று தொடக்கம் மற்றச் சாப்பாடும் இறங்கியது.

அண்ணை பின்னாளில் எனக்குச் சொன்னார்: "ஒண்டையும் கொல்லேல்லை. அவ கேட்டதும் கிடைச்சுது. அண்டைக்கு நான் நினைச்சன் தங்கச்சி, என்னைப்போல ஒரு கெட்டிக்காரன் இந்த ஊரில இல்லை எண்டு."

பங்குனி முடிவதற்குள், ஆறாம் மாதத்தில், அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, தண்ணீர் உடைந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே இருந்தது. ஞானஸ்நானம் கொடுப்பதென்றால் இப்போதே கொடுப்பது நல்லது என்று ஒரு தாதி என்னிடம் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் விளங்கியது. பெயரைக் கேட்டார். முன்னைய தடவைகளில் பெயர் யோசித்து வைத்துத்தான் இப்படி ஆனது என்று இந்தத் தடவை அவர்கள் ஒரு பெயரும் யோசித்திருக்கவில்லை. அண்ணை என்னைப் பார்த்தார், தாதியைப் பார்த்தார், "மரியா" என்றார். தாதி பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் தொட்டார். அடுத்த நாள் பின்னேரம் மரியா இறந்துவிட்டாள்.

டொக்டர் அக்காவின் கட்டில் ஓரத்தில் இருந்து நிதானமாக விளக்கினார். உள்ளே கிருமி தொற்றியிருக்கிறது. தையல் போட்டிருந்தும் சில வேளை இப்படி நடக்கும். இதற்கும் அக்கா செய்தது, சாப்பிட்டது, நினைத்தது எதற்கும் சம்பந்தமில்லை. நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டொக்டர் போனபிறகு என்னிடம் சொன்னார்: "பாவம், நல்ல பொம்பிளை. எங்கடை விசயம் அவவுக்குத் தெரியாது."

எங்கடை விசயம் என்னவென்று அப்போது எனக்கும் தெரியாது. வீட்டுக்குப் போன பிறகுதான் வெளியே வந்தது. அக்கா சாப்பிடவில்லை. பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி விரதம் என்று நினைத்தார்கள். உயிர்த்த ஞாயிறு வந்தும் சாப்பிடவில்லை. அண்ணை சோற்றைக் குழைத்து வாய்க்குக் கிட்டக் கொண்டு போனபோது கையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நான்தான் கேட்டனான். நீங்கள் விரதம் மாதிரிக் காத்தீங்கள். நான்தான் உங்களை அனுப்பிக் கொல்லுவிச்சனான். சினையையும் பொரிச்சுத் தின்டனான்."

அண்ணைக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்ததாம். இதற்கு மருந்து அவரிடம் இருந்தது. கையிலே உண்மை இருந்தது.

"நான் கொல்லேல்லை," என்றார். "பிடிச்சதைக் கடலிலை விட்டிட்டன். நீ தின்டது பல்லாரோவில வாங்கின மீன்."

அக்கா தன் விரலைப் பார்த்தார். "சொண்டில ஓட்டை இருந்தது."

"நான்தான் குத்தினனான்."

"செத்த மீனுக்கு?"

"ஓம்."

"என்னை ஆற்றுறதுக்கு நீங்கள் உப்பிடியெல்லாம் யோசிக்க வேண்டாம்," என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. அவருக்காக இரங்குவது போலச் சொன்னார். அதுதான் அண்ணைக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கோபாலசிங்கத்தைக் கூட்டி வந்தார். அவர் குசினிக் கதிரையில் கூச்சத்தோடு இருந்து, கல்லில் நடந்ததையும் குழாயடியில் நடந்ததையும் சொன்னார். முருகன் மேல் சத்தியம் செய்தார். அக்கா அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "அண்ணை, ஒரு பொம்பிளை சாகக் கிடக்கிறாள் எண்டு பொய்ச் சத்தியம் பண்ணினா முருகன் கோவிக்கமாட்டார். அது உங்களுக்கும் தெரியும்" என்றார்.

மிச்சம் இருந்தது அந்த மீன்காரன். அண்ணை என்னைக் கூப்பிட்டார். "என்ரை இத்தாலியன் தொட்டியடியில பழகினது, தங்கச்சி. நீ வந்து வடிவாக் கேள்." அக்காவை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாகப் பல்லாரோவுக்கு நடத்திக் கொண்டு போனோம்.

மீன்காரன் கத்திக் கத்தி விற்றுக்கொண்டு நின்றான். மாசி முடிவில் இந்த மனிதர் உங்களிடம் ஒரு ஸ்பிகோலா வாங்கினாரா என்று கேட்டேன். அவன் எங்கள் மூன்று பேருடைய முகத்தையும் பார்த்தான். ஆரோ சாப்பிட்டு வருத்தம் வந்திருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்னட்டையா? இல்லை சின்யோரீனா. என்னட்டை வாங்கினதில்லை. என் மீனைப் பற்றி இதுவரை ஒருத்தரும் முறைப்பாடு சொன்னதில்லை."

"முறைப்பாடு இல்லை," என்றேன். அண்ணை உடைந்த இத்தாலியனில் கையைக் காட்டி மன்றாடத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் நான், இந்த அம்மாவின் பிள்ளை இறந்துவிட்டது, அந்த மீன் வாங்கினதுதான் என்று அவர் அறிய வேண்டும் என்று சொன்னேன். மீன்காரன் உடனே தொப்பியைக் கழற்றினான். கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதன்.

"ஓம் சின்யோரா, ஓம். இப்ப ஞாபகம் வருகுது. என்னட்டைத்தான். இவர்தான் வாங்கினவர், நல்லா ஞாபகம் இருக்கு."

அக்கா தானே இத்தாலியனில் கேட்டார்: "எவ்வளவு பெரிசு?"

அவன் அண்ணையின் முகத்தைப் பார்த்தான். அங்கே ஒரு பதிலும் கிடைக்காமல், இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அக்கா மடியில் வைத்துப் பார்த்த மீனைவிட இரண்டு மடங்கு பெரிசு.

அக்கா அவனுக்கு நன்றி சொன்னார். வீட்டுப் படி ஏறும்போது, "பாவம், அந்த மனிசனையும் பொய் சொல்ல வைச்சிட்டீங்கள்" என்றார்.

சித்திரை முழுக்க அக்கா தேத்தண்ணீரிலும் பிஸ்கட்டிலும் கிடந்தார். கோயிலுக்கு வர மறுத்தார். மாதாவின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். கோபத்தில் இல்லை, வெட்கத்தில். தானே அவவிடம் அனுமதி கேட்டுவிட்டு, அவ ஓம் என்றதாகத் தானே சொல்லிக்கொண்டதை நினைத்து. குளியலறையில் இரண்டு தடவை மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் மனதுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். குளிசைகள் அப்படியே கிடந்தன.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அண்ணை குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றார். அக்கா உள்ளே படுத்தபடி, ஆருக்கென்று இல்லாமல், "நான் மட்டும் கேட்காமல் இருந்திருந்தா" என்றார். அதை அவர் அன்றைக்கு எத்தனையாவது தடவை சொன்னாரோ. அண்ணை கத்தியை வைத்துவிட்டுக் கதவடியில் போய் நின்றார். முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை என்றுதான் எனக்குச் சொன்னார்.

"நீ கேட்க முந்தியே நான் போனனான்."

அக்கா திரும்பிப் பார்த்தார்.

"தை பிறந்ததிலிருந்து போனனான். மடக்குத் தடி ஒண்டைக் கோபால் அண்ணையின்ரை வீட்டில வைச்சிருந்தனான். வேலை எண்டு சொல்லிப்போட்டுப் போறது. சினையும் பிடிச்சன், எல்லாம் பிடிச்சன். றெஸ்ரோறன்ரில குடுத்தனான்."

"எத்தினை?"

"ஆர் எண்ணினது?"

"உண்மையா?"

"உண்மைதான். கை சும்மா இருக்கேலாமல் போனனான். நீ கேட்டது கடைசி மீன். அதுக்கு முந்தியே எல்லாம் நடந்து முடிஞ்சுது."

அக்கா எழும்பி இருந்தார். "மாதா அறியச் சொல்லுங்கோ."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த படத்தை அண்ணை கையில் எடுத்து, தன் பக்கம் திருப்பினார். "மாதா அறிய" என்றார்.

உண்மைக்கு ஒரு சாட்சி போதவில்லை, இரண்டு போதவில்லை. பொய்க்கு ஒன்றும் தேவைப்படவில்லை. அக்கா உடனே நம்பினார். கட்டிலால் இறங்கி வந்து அவரை அடித்தார், கையாலும் செருப்பாலும். வங்காலைக் கடற்கரையில் பெண்கள் பேசும் அத்தனை பேச்சும் பேசினார். சந்தைக்காரர் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு அழுதார். பிள்ளை இறந்த நாளிலிருந்து அவர் சத்தம் போட்டு அழுதது அதுதான் முதல் தடவை. பின்னேரம் எழும்பிப் போய், பாதி உரித்துக் கிடந்த வெங்காயத்தை உரித்து, பருப்பு வைத்து, தனக்கு மட்டும் சோறு போட்டுச் சாப்பிட்டார். அண்ணை அறைக்குள் இருந்து, கோப்பையில் கை படும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அக்கா தேறினார். ஆனியில் சின்யோராவின் வீட்டுக்கு வேலைக்குத் திரும்பிப் போனார். இப்போது பூசைக்கு வருகிறார், பெண்கள் பக்கத்தில் முன்வாங்கில் இருக்கிறார், பாடுகிறார். அண்ணை பின்னால் தூணடியில் நிற்கிறார். நற்கருணைக்கு எல்லாரும் வரிசையில் போகும்போது அவர் போவதில்லை. மாதாவின் பெயரில் பொய்ச் சத்தியம் செய்த வாயால் அதை வாங்க அவருக்கு மனமில்லை; பாவசங்கீர்த்தனம் செய்யலாம்தான், ஆனால் செய்தது பிழை என்று அவரால் சொல்ல முடியவில்லையாம். அக்கா திரும்பி, அவர் தூணடியிலேயே நிற்பதைப் பார்க்கிறார். ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "பாத்தியோ, கிட்டப் போகேல்லை. மனச்சாட்சி விடாது." நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் பிரியவில்லை. வாடகை ஒன்று, பெர்மெஸ்ஸோவில் முகவரி ஒன்று. அக்கா அவருக்கும் சமைத்து மூடி வைக்கிறார். அவரோடு கதைப்பதில்லை. அண்ணை குசினியில் பாய் போட்டுப் படுக்கிறார். தடிகளைக் கோபாலசிங்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். காற்று எழும்பினாலும் அவர் இப்போது போன் எடுப்பதில்லை.

இப்போதாவது உண்மையைச் சொல்லலாமே என்று, அவருடைய தொட்டியடியில் வைத்து நான் ஒரு தடவை கேட்டேன்.

"எந்த உண்மையை, தங்கச்சி? முதல் சொன்னதை அவ நம்பேல்லை. இப்ப சொன்னா ரெண்டையும் நம்பமாட்டா. பேந்து திரும்பவும் பழியைத் தன்னிலைதான் போடுவா." தொட்டியில் கிடந்த மீனைத் திருப்பிப் போட்டார். "அவ சாப்பிடுறா. அது காணும்."

போன கிழமை அவர் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அவர் இறங்க வேண்டிய தரிப்பில் அக்கா நின்றார், பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு. அந்தப் பெண் ஏதோ சொல்ல அக்கா சிரித்துக்கொண்டிருந்தார், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. ஒரு வருடத்துக்கு மேலாக அண்ணை அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. பஸ் நின்று கதவு திறந்தது. இறங்கினால் அக்கா அவரைக் காணுவார். கண்டால் சிரிப்பு நிற்கும். அவர் கம்பியைப் பிடித்தபடி, சனத்துக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கதவு பூட்டியது. அடுத்த தரிப்பில் இறங்கி, மற்றத் தெருவால் சுற்றி நடந்து வீட்டுக்குப் போனார்.